ஜெனித் கம்பெனியும் மூன்று வழக்குகளும்

நாற்காலியை விட்டு எழாமல், கைக்கருவியின் பொத்தானை அழுத்தித் தொலைக்காட்சி நிலையத்தை மாற்றுவது இன்று சிறு குழந்தைக்கும் கைவந்த செயல். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் இல்லங்களில், ஊர்ச் செய்தியும் தமிழ்ப் பாட்டும் எங்கே வருகின்றன என்று தேடும் அன்பர்களுக்கு அப்பொத்தானின் அருமை நன்கு தெரியும். ‘ரிமோட்’ என்று நாம் வழங்கும் அக்கருவி பிறந்த இடம் அமெரிக்காவின் சிகாகோ நகரம்; அதனைப் பிறப்பித்தது ஜெனித் என்னும் கம்பெனி. விளம்பரக்காரரின் குரலை, கேட்பவர் தாமே அடக்கிவிட ஒரு வழி வேண்டும் என்று அக்கம்பெனியின் தலைவர் பிடித்த பிடிவாதமே அதற்கு வித்து.

பிடிவாதம் அந்தக் கம்பெனியின் பிறவிக்குணம் என்றே சொல்லலாம். ஒரு முறை அரசோடு, ஒரு முறை தன்னினும் பன்மடங்கு பெரிய உள்நாட்டுக் கம்பெனியோடு, ஒரு முறை கடல் கடந்து வந்த போட்டியாளரோடு என்று அது நீதிமன்றத்தில் நின்ற பெரு வழக்குகள் மூன்று. அமெரிக்க வானொலித் தொழில் எழுந்த கதையையும் தளர்ந்த கதையையும் அவ்வழக்குகளின் வழியே நாம் காண முடிகிறது.

1918ஆம் ஆண்டில் ரால்ஃப் மாத்யூஸ், கார்ல் ஹாசல் என்னும் இரண்டு இளைஞர்கள் சிகாகோவில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையின்மீது கம்பியில்லாத் தந்திக் கருவிகளைச் செய்யத் தொடங்கினர். தொழிலுக்குச் ‘சிகாகோ ரேடியோ லேபரட்டரி’ என்று பெயரிட்டனர். பெயரில்தான் ஆய்வுக்கூடம், உள்ளபடி அது இருவர் கைவேலை. மாத்யூஸ் பொழுதுபோக்காக நடத்திவந்த ஒலிபரப்பு நிலையத்திற்கு ‘9 இஸட் என்’ என்பது அடையாள எழுத்து. அவ்விரண்டு எழுத்துக்களையும் ஆங்கில ஒலிப்பில் சேர்த்துச் சொல்லிப் பார்த்தே ‘ஜெனித்’ என்னும் பெயரைப் புனைந்தனர். வானத்தின் உச்சிப்புள்ளியைக் குறிக்கும் சொல்லாகவும் அது அமைந்துவிட்டது. பெயர் வைத்த வேளை நல்ல வேளை போலும்.

கைவேலையைப் பெருந்தொழிலாக்கியவர் யூஜீன் மக்டொனால்டு. 1886இல் பிறந்தவர், மோட்டார் வண்டிகளைத் தவணை முறையில் விற்றுப் பொருள் ஈட்டியவர், முதல் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். அதனால் வாழ்நாள் முழுதும் ‘கமாண்டர்’ என்றே அழைக்கப்பட்டார். 1921இல் அவர் இவ்விளைஞர்களோடு சேர்ந்தார். அவருக்கு வானொலியின் நுட்பம் தெரியாது, வாணிகம் தெரியும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த ஒரு மின்சுற்று, நலிந்த ஒலியலையையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டியது. அதனைப் பயன்படுத்தும் உரிமம் சில சிறு கம்பெனிகளிடமே இருந்தது. காப்புரிமை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் கைக்குப் போன பிறகு புதியவர்க்கு உரிமம் கிடைப்பது நின்றது. சமையலறை மேசையில் தொடங்கிய தொழிலின் பெருஞ்செல்வம் அந்த உரிமத் தாளே என்பதைக் கமாண்டர் கண்டுகொண்டார். 1923இல் ‘ஜெனித் ரேடியோ கார்ப்பரேஷன்’ பதிவாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

1925இல் டொனால்டு மாக்மில்லன் என்பார் வடதுருவப் பகுதிக்கு ஓர் ஆராய்ச்சிப் பயணம் புறப்பட்டார். பின்னர்ப் புகழ்பெற்ற ரிச்சர்டு பேர்டும் கடற்படை விமானிகளோடு உடன் சென்றார். இரண்டு கப்பல்களுள் ‘பியரி’ என்பதற்குத் தலைவராகச் சென்றவர் நம் கமாண்டர். கம்பியில்லாத் தந்திக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்று கடற்படையினர் அந்நாளில் எண்ணியிருந்தனர். கமாண்டரோ சிற்றலைக் கருவிகளை ஏற்றிச் சென்றார். பூமியை ஒட்டி ஊர்ந்து செல்லும் நீண்ட அலை போலன்றி, சிற்றலை வானின் மேலடுக்கில் மோதித் திரும்பி, நெடுந்தொலைவுக்கு அப்பால் போய் இறங்குகிறது. கிரீன்லாந்தின் வடபகுதியிலிருந்து அனுப்பிய குரல், தென்பசிபிக் கடலில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பலில் கேட்டது. அப்பகுதியின் பழங்குடி மக்களைப் பாடச் செய்து, அப்பாட்டையும் அனுப்பிக் காட்டினார். மாலை மயங்கிய பின் வடநாட்டு ஊர்களில் வானொலிக் குமிழைத் திருகித் திருகி, இரைச்சலினூடே தமிழ்க் குரல் ஒன்றைக் கண்டுபிடித்து மகிழ்ந்த முந்தைய தலைமுறையினருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

துருவத்திலிருந்து திரும்பிய சில மாதங்களிலேயே முதல் வழக்கு வந்தது. சிகாகோவில் ஜெனித் கம்பெனி ஓர் ஒலிபரப்பு நிலையம் நடத்திவந்தது. அலைவரிசைகளைப் பங்கிடும் பொறுப்பு வாணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரிடம் இருந்தது. பின்னாளில் அமெரிக்காவின் அதிபரானவர் அவரே. அவர் இந்நிலையத்திற்கு ஒதுக்கிய நேரம் வாரத்திற்கு இரண்டே மணி: வியாழன் இரவு 10 முதல் 12 வரை. அதுவும் டென்வர் நகரத்து நிலையம் ஒன்று அவ்வலைவரிசையை வேண்டாதபோது மட்டும். இந்த ஏற்பாட்டைக் கமாண்டர் ஏற்கவில்லை. கனடாவுக்கென விடப்பட்டிருந்த ஓர் அலைவரிசைக்குத் தம் நிலையத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, வெளிப்படையாக ஒலிபரப்பினார். ‘அலைக்கொள்ளையர்’ என்று செய்தித்தாள்கள் எழுதவே, நிலையத்தார் கடற்கொள்ளையர் போல் வேடமிட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொண்டனர்.

அரசு வழக்குத் தொடுத்தது. உரிமம் கேட்பவர்க்கு அதனை வழங்குவதன்றி, அலைவரிசையையும் நேரத்தையும் வரையறுத்துத் தண்டிக்க அமைச்சருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று 1926 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றது ஜெனித். ஆனால் அவ்வெற்றியின் விளைவு யாது? நாடெங்கும் நிலையங்கள் தத்தம் மனம்போன அலைவரிசைக்குத் தாவின. ஒன்றன் குரல்மீது ஒன்று ஏறி, எதுவும் செவ்வையாகக் கேட்காத நிலை ஏற்பட்டது. அந்தக் குழப்பத்தைப் பொறுக்கமாட்டாமல் 1927 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் வானொலிச் சட்டத்தை இயற்றி, அலைவரிசைகளை ஆள ஓர் ஆணையத்தை அமைத்தது. வான்வெளி தனியார் சொத்தன்று, பொதுநலம் கருதியே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்னும் கோட்பாடு அச்சட்டத்தின் உயிர்நிலை. கமாண்டர் அடம்பிடிக்கவில்லையேல் அச்சட்டம் இன்னும் சில ஆண்டுகள் தாழ்ந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

பொருளாதார மந்தம் சூழ்ந்த 1930களில் பல வானொலிக் கம்பெனிகள் மறைந்தன, ஜெனித் பிழைத்தது. 25 வால்வுகளும் 750 டாலர் விலையும் கொண்ட ‘ஸ்ட்ராட்டோஸ்பியர்’ என்னும் அரண்மனைப் பெட்டியை அது செய்தது உண்மையே. கம்பெனிக்குச் சோறு போட்டவை அத்தகைய பெட்டிகள் அல்ல. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கென்று செய்த எளிய பெட்டிகளே. காற்றாடி ஒன்றை வீட்டுக் கூரைமேல் நிறுத்தி, அது சுழலச் சுழல மின்கலம் ஏறுமாறு செய்யும் ‘விண்ட்சார்ஜர்’ கருவியை வானொலியோடு சேர்த்து விற்றனர். பண்ணை வீடுகளில் அது பெரு வரவேற்புப் பெற்றது.

ஜெனித்தின் பெயரை உலகறியச் செய்தது ‘டிரான்ஸ் ஓஷனிக்’ என்னும் பெட்டி. கமாண்டருக்கு உல்லாசப் படகில் செல்வது உயிர். எங்கிருந்தாலும் சிற்றலையில் செய்தி கேட்கத்தக்க, கையில் தூக்கிச் செல்லும் பெட்டி ஒன்று வேண்டுமென்று தம் பொறியியலாரை நச்சரித்தார். அவர்கள் கொணர்ந்த மாதிரிகளைப் படகில் ஏற்றிச் சென்று சோதித்து, குறை கூறிக் கூறித் திருப்பியனுப்பினார். வடிவம் தந்தவர் ராபர்ட் பட்லாங். கறுப்புத் துணியுறை போர்த்திய பெட்டி; மூடியைத் திறந்தால் அலைவரிசைத் தட்டு; ரயிலிலும் விமானத்திலும் சாளரக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளத் தனியே கழற்றி எடுக்கும் ஏரியல். 1942 ஜனவரியில் அது 75 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஒலிபெருக்கித் துணியில் முதலில் பாய்மரக்கப்பல் படம் பின்னப்பட்டிருந்தது. அமெரிக்கா போரில் இறங்கிவிட்டமையால் விரைவிலேயே குண்டுவீச்சு விமானப் படம் அதன் இடத்தைப் பிடித்தது. ஏப்ரலில் பொதுமக்களுக்கான வானொலி உற்பத்தியை அரசு நிறுத்தும்வரை ஏறத்தாழ 35,000 பெட்டிகளே வெளிவந்தன. அவற்றுள் பல போர்வீரர்களின் மூட்டையோடு கடல் கடந்தன. தாய்நாட்டுக் குரலைக் கேட்க வேறு வழியற்ற இடங்களில் அவை ஒலித்தன. போருக்குப் பின் உற்பத்தி மீண்டும் தொடங்கி, 1957இல் டிரான்சிஸ்டர் வடிவம் பெற்று, 1980களின் தொடக்கம் வரை அவ்வகைப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

போர்க்காலத்தில் இன்னொரு நற்செயலும் நிகழ்ந்தது. காது கேளாதோர்க்கான கருவிகள் அந்நாளில் 150 டாலருக்கு மேல் விற்றன. 1943இல் ஜெனித் 40 டாலருக்கு அக்கருவியைக் கொடுத்தது. வேறு கம்பெனிகளும் விலையைக் குறைக்கும் நெருக்கடி பிறந்தது.

இனி ரிமோட் கதைக்கு வருவோம். தொலைக்காட்சியை விளம்பரதாரர் பணத்தில் நடத்துவது நிலைக்காது, பார்ப்பவரே கட்டணம் தருவதுதான் முறை என்பது கமாண்டரின் உறுதியான கருத்து. 1951இல் சிகாகோவில் 300 குடும்பங்களைத் தேர்ந்து, தொலைபேசி வழியே கேட்டுப் பெறும் திரைப்படங்களைப் படம் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் 90 நாள் காட்டிச் சோதித்தார். மக்கள் விரும்பிப் பார்த்தனர். எனினும் அரசின் இசைவு எளிதில் வரவில்லை, திரையரங்குக்காரர்களும் எதிர்த்தனர். கட்டணத் தொலைக்காட்சி உலகெங்கும் பரவிவிட்ட இக்காலத்தில் அவருடைய கணிப்பு நமக்குப் புதுமையாகத் தோன்றாது. ஆனால் கட்டணமும் வாங்கிக்கொண்டு விளம்பரமும் காட்டுவார்கள் என்பதை அவரும் நினைத்துப் பார்க்கவில்லை!

விளம்பரத்தை ஒழிக்க முடியாவிடில், அதன் வாயையாவது கட்ட வேண்டும் என்று கட்டளையிட்டார். 1950இல் நீண்ட கம்பி பொருத்திய கைக்கருவி வந்தது. கம்பியில் கால் தடுக்கி விழுந்தவர் பலர். 1955இல் யூஜீன் பாலி என்பவர் ஒளிக்கற்றையால் இயங்கும் கருவியைச் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் பண்டக அறைப் பணியாளராக அக்கம்பெனியில் சேர்ந்தவர் அவர். துப்பாக்கி போன்ற விளக்கைத் திரையின் நான்கு மூலைகளில் உள்ள ஒளிக்கண்களில் எதன்மீதேனும் காட்டினால் ஒலி அடங்கும், நிலையம் மாறும். ஆனால் வெயில் ஏறி ஒளிக்கண்ணில் பட்டாலும் நிலையம் தானே மாறியது. அடுத்த ஆண்டே ராபர்ட் ஆட்லர் மாற்று வழி கண்டார். இவர் வியன்னாவில் 1913இல் பிறந்த இயற்பியல் அறிஞர். ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய பின் நாட்டை விட்டு வெளியேறி, 1941இல் ஜெனித்தில் சேர்ந்தவர். அவர் செய்த கைக்கருவியில் மின்கலமே கிடையாது. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியக் கோலைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத ஒலி எழும். பெட்டி அதனைக் கேட்டு இயங்கும். கோல்களின் நீளத்திற்கேற்ப ஒலி வேறுபடுமாதலால் பெட்டிக்கு ஆணைகளும் வேறுபட்டன. இவ்வொலியைப் பெறுவதற்கென்று கூடுதல் வால்வுகள் ஆறு தேவைப்பட்டமையால் பெட்டியின் விலை ஏறியது. டிரான்சிஸ்டர் வந்தபின் அக்குறை நீங்கியது. சாவிக்கொத்தைக் குலுக்கினால் சில வேளை நிலையம் மாறிவிடும் என்பது ஒரு வேடிக்கை. ஆட்லரின் முறை ஏறத்தாழ 25 ஆண்டுகள் வழக்கில் இருந்து, பின்னர் அகச்சிவப்பு ஒளிக்கு இடம் விட்டது.

இதனிடையே இரண்டாம் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க வானொலித் தொழிலில் ஆர்.சி.ஏ. கம்பெனியே பேரரசு. தன்னிடமிருந்த ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை ஒரே கட்டாகக் கட்டி, வேண்டுவோர் வேண்டாதார் அனைவரிடமும் கட்டணம் பெற்றுவந்தது. ஒன்று வேண்டுமென்றாலும் முழுக்கட்டுக்கும் பணம் தர வேண்டும். 1946இல் கமாண்டர் கட்டணம் தர மறுத்து வழக்குத் தொடுத்தார். பதினோராண்டு இழுத்த வழக்கு 1957இல் சமரசமாக முடிந்து, ஜெனித்துக்கு ஏறத்தாழ 1 கோடி டாலர் கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கமாண்டர் காலமானார். அவ்வாண்டிலேயே அரசுடன் செய்துகொண்ட இசைவின்படி, தன் காப்புரிமைகளை உள்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கட்டணமின்றித் தர ஆர்.சி.ஏ. கட்டுப்பட்டது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. உள்நாட்டில் வருவாய் அற்றுப்போன ஆர்.சி.ஏ. வெளிநாட்டைப் பார்த்தது. வண்ணத் தொலைக்காட்சி நுட்பத்தை ஜப்பானியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துப் பெருங்கட்டணம் ஈட்டியது. ஜெனித் வென்ற வழக்கு, ஜெனித்தின் பிற்காலப் பகைவர்க்குப் பள்ளிக்கூடம் திறக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஜப்பானியர் தம் உழைப்பாலும் திறத்தாலும் முன்னேறினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாயில் திறந்த விதம் இதுவே.

ஆபத்து அப்போது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஏனைய கம்பெனிகள் அச்சிட்ட மின்சுற்றுப் பலகைக்கு மாறியபோது, ஜெனித் மட்டும் ஒவ்வொரு கம்பியையும் கையால் பற்றவைத்துப் பெட்டி செய்தது. தொடக்ககாலப் பலகைகள் அடிக்கடி பழுதுபட்டமையால், ‘கைவேலைப் பெட்டி’ என்று ஜெனித் செய்த விளம்பரத்தை மக்கள் நம்பினர். பழுதுபார்ப்போரும் நற்சான்று கூறினர். 1972 வாக்கில் வண்ணத் தொலைக்காட்சி விற்பனையிலும் ஆர்.சி.ஏ.யை முந்தி அது முதலிடம் பெற்றது. அதற்குள் டிரான்சிஸ்டரும் நுண்சுற்றும் வந்து, கைவேலையின் நன்மை கழிந்துவிட்டது. செலவு மட்டும் நின்றது. முன்பு காத்த வழக்கமே பின்பு சுமையாயிற்று.

1974இல் ஜெனித் மூன்றாவது வழக்கைத் தொடுத்தது. ஜப்பானியக் கம்பெனிகள் தம் நாட்டில் அதிக விலைக்கு விற்ற இலாபத்தைக் கொண்டு, அமெரிக்காவில் அடக்கவிலைக்கும் குறைவாக விற்றுத் தொழிலையே அழிக்கக் கூட்டுச்சதி செய்கின்றன என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடக்க நடக்கத் தொழிற்சாலைகள் தேய்ந்தன. 1977இல் அமெரிக்கத் தொழிலாளர்களுள் நான்கில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து நீக்கி, வேலையை மெக்சிகோவுக்கும் தைவானுக்கும் மாற்றுவதாகக் கம்பெனி அறிவித்தது. 1986 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபதாண்டுக் காலம் நட்டத்திற்கு விற்றுக்கொண்டே என்றோ வரும் இலாபத்திற்காகக் காத்திருப்பது வாணிக அறிவுக்குப் பொருந்தாது. அத்தகைய சதி நடந்தது என்று வாதிட இன்னும் வலிய சான்று வேண்டும் என்றது. ஐந்து நீதிபதிகள் அவ்வாறு கூற, நால்வர் மாறுபட்டனர். அமெரிக்கச் சட்டக்கல்லூரிகளில் இத்தீர்ப்பை இன்றும் பயில்கின்றனர். நீதிமன்றத்தை நம்பி இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில், புதிய இயந்திரங்களில் முன்னரே முதலிட்டிருந்தால் நிலை வேறாக இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வழக்கில் வென்று பழகிய கம்பெனிக்கு அவ்வெண்ணம் எளிதில் வராது.

கணிப்பொறித் தொழிலில் நுழைந்து ஓரளவு வெற்றி கண்டபோதும், கடன் அடைக்க வேண்டி 1989இல் அப்பகுதியைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றது. மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் நடந்த தொலைக்காட்சிப் பெட்டி இணைப்பு வேலை 1992இல் மெக்சிகோவுக்குப் போனது. 1995இல் தென்கொரியாவின் எல்.ஜி. கம்பெனி பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. சிகாகோவை அடுத்த மெல்ரோஸ் பார்க்கில் இருந்த படக்குழாய்த் தொழிற்சாலையும் அந்நூற்றாண்டு முடியுமுன் மூடப்பட்டது. 1999இல் ஜெனித் திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் முழுவதும் எல்.ஜி.யின் உடைமையாயிற்று.

தொழிற்சாலைகள் இவ்வாறு மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அக்கம்பெனியின் பொறியியலார் சிலர் எண்முறைத் தொலைக்காட்சிக்கு ஒரு பரப்புமுறையை வகுத்துக்கொண்டிருந்தனர். வேறு முறைகளோடு சோதிக்கப்பட்டு 1994இல் அதுவே தேர்வாயிற்று; 1996 டிசம்பரில் அமெரிக்க அரசு அதனை நாட்டின் தரமுறையில் ஏற்றது. கனடாவும் மெக்சிகோவும் தென்கொரியாவும் பின்பற்றின. இந்தியா எண்முறைக்கு ஐரோப்பிய முறையைத் தேர்ந்தமையால் நம் வீடுகளுக்கு அது வரவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்தது வேறொன்று: எஃப்.எம். வானொலியில் இடச்செவிக்கும் வலச்செவிக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோ முறை. ஜெனித்தும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் தனித்தனியே முன்வைத்து, 1961இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட அம்முறையையே நம் நாட்டு எஃப்.எம். நிலையங்களும் கைக்கொண்டுள்ளன.

2009 ஜூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் பெருநிலையங்கள் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தி, முழுதும் எண்முறைக்கு மாறின. அந்நாட்டில் விற்ற ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஜெனித் பொறியியலாரின் முறைப்படி அலைகளை ஏற்க வேண்டியதாயிற்று. அதற்கான உரிமக் கட்டணம், அக்காப்புரிமைகள் காலாவதியாகும் வரை, சியோல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எல்.ஜி.க்குச் சேர்ந்தது.